டெபியனில் பழுது பார்ப்பவர்களுக்கு வேலை இருக்கிறது

விண்டோஸுக்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் இயங்குதளத்துக்குப் பங்களிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் சான்றிதழைக் காட்டிப் பழகியவர்கள். "காக்கா (அண்ணே), ஏதாவது ஒரு கோர்ஸ் முடித்தால்தானே சேர்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பயன்படுத்தும் மென்பொருளில் ஒரு வழுவை, அதாவது பிழையை, கண்டு, அது எப்படி வருகிறது என்பதை மற்றவருக்குப் புரியும்படி எழுதி மின்னஞ்சலில் அனுப்பினாலே பங்களிப்பாளர்தான். உறுப்பினர் ஆவதற்குப் படிகள் இருக்கின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

கீழக்கரையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மடிக்கணினி சரிசெய்வது, தமிழ்த் தட்டச்சு, பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளை அச்சிட்டு பைண்டிங் போட்டுக் கொடுப்பது என்று பிழைப்பு போகிறது. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் தாங்கள் பயன்படுத்திய மடிக்கணினிகளைத் தம்பி, தங்கை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உப்புக்காற்றில் அவற்றின் கீலும் விசிறியும் யூஎஸ்பி துளைகளும் துருப்பிடித்த பிறகு கடைக்கு வரும். துருவைத் துடைத்துச் சரிசெய்துவிடலாம். உள்ளே என்ன போடுவது என்பதுதான் சிக்கல். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நன்றாக ஓடக்கூடிய இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. அதனால்தான் டெபியனுக்கு வந்தேன்.

1993 ஆகஸ்ட் 16-ல் இயான் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் அறிவித்த திட்டம் இது. உபுண்டு இதன் மேல்தான் கட்டப்பட்டது, ராஸ்பெரி பை கணினியின் இயங்குதளமும் அப்படித்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்களே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அதற்கும் அடித்தளம் டெபியன்தான். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் பெயர் தெரியாமலேயே இதைத் தொட்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 9-ல் வெளியான டெபியன் 13, அதாவது டிரிக்ஸி, நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகள் 69,000-க்கும் அதிகமாகக் கொண்டது. இவ்வளவையும் பராமரிப்பதில் முழு உரிமை பெற்ற உறுப்பினர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். எந்த நிறுவனமும் இதற்கு முதலாளி இல்லை. தலைவரை உறுப்பினர்களே ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த வாக்கு எவ்வளவு தூரம் வந்து சேரும் என்பதை என் கடை மேசையிலேயே பார்த்தேன். பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்ய, அந்தச் சில்லைத் தயாரித்தவர்கள் கொடுக்கும் ஃபர்ம்வேர், அதாவது சில்லை இயக்கும் சிறு மென்பொருள், வேண்டும். அதன் மூலநிரலை அவர்கள் வெளியிடுவதில்லை. மூலநிரலை எவரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டுமே டெபியனின் பகுதி என்று 1997-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூக ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே டெபியனைக் கணினியில் ஏற்றும் அதிகாரபூர்வ நிறுவியில் முன்பு அந்த ஃபர்ம்வேர் இருக்காது. நிறுவும்போது வைஃபை தெரியாது, கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் எடுக்க வேண்டியிருந்தது. ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு பிரதி தனியாகக் கிடைத்தது, ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. 2022 அக்டோபரில் உறுப்பினர்கள் இதை வாக்கெடுப்புக்கு விட்டு, சமூக ஒப்பந்தத்திலேயே திருத்தம் செய்து, ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூன் 10-ல் வந்த டெபியன் 12-லிருந்து அது நடைமுறை. கொள்கை நீர்த்துப்போகிறது என்று எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை முதன்முதலாக நிறுவும்போது வைஃபை இல்லை என்று திரை சொன்னால், அந்தப் பிள்ளை கட்டற்ற மென்பொருளுக்குள் வரவே வராது. முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். எங்கோ நடந்த ஒரு வாக்கெடுப்பு கீழக்கரையில் என் வேலையை மாற்றியது. அந்த வாக்கு யார் கையில் இருக்கிறது, அது எப்படிக் கிடைக்கும் என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

தேடினால், எல்லாப் பாதையும் ஏதாவது ஒரு வழுவிலிருந்துதான் தொடங்குகிறது. சமூக ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, குறைகளை மறைக்க மாட்டோம் என்ற உறுதிமொழி. டெபியனின் வழுப் பதிவுகள் அனைத்தும் எவரும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. வரிசை எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. பதிவதும் பதில் சொல்வதும் முழுக்க மின்னஞ்சலில் நடக்கும். இது பழைய முறை என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டு மின்சாரமும் இணையமும் போய்ப் போய் வரும் ஊரில் இருந்து பார்த்தால் இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை எழுதி வைத்துவிடலாம், இணைப்பு வரும்போது அது போகும். பதில் ஜெர்மனியில் இருக்கும் ஒருவரிடமிருந்து மறுநாளோ அடுத்த வாரமோ வரும். இரவில் விழித்திருந்து யாருடனும் அரட்டை அடிக்க வேண்டியதில்லை.

நான் பதிந்த வழு தமிழ் எழுத்துகளைப் பற்றியது. கடையில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றுக்குள் தேட ஒரு சிறிய மென்பொருளை வைத்திருந்தேன். 'தொண்டி' என்று தேடினால் சில கோப்புகளைக் காட்டும், சிலவற்றைக் காட்டாது. திறந்து பார்த்தால் காட்டாத கோப்பிலும் அதே தொண்டி அச்சு மாறாமல் இருக்கும். காரணம், எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு முறையில் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்குள் அவை வெவ்வேறு எண்கள். எந்த விசைப்பலகை மென்பொருளில் அடித்தோம் என்பதைப் பொறுத்து எது பதிவாகிறது என்பது மாறும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று யூனிகோடு விதி வகுத்து, அதற்கான முறையையும் தந்திருக்கிறது. அந்த மென்பொருள் அதைச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவர் ஆயுள் முழுக்கப் பயன்படுத்தினாலும் இது கண்ணில் படாது. ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் நாள்தோறும் அடிக்கும் நமக்குத்தான் தெரியும்.

அங்கே வழு எழுதுவதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு. 'தமிழ் வேலை செய்யவில்லை' என்று அனுப்பினால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, இந்த நான்கும் வேண்டும். கூடவே, தமிழே தெரியாதவரும் தன் கணினியில் அந்த வழுவை வரவழைத்துப் பார்க்கும்படி மிகச் சிறிய கோப்பு ஒன்று. ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதிய இரண்டு வரிக் கோப்பை இணைத்தேன். பொதிகள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்தின் புதிய கிளையிலும் இது நடக்கிறதா என்று பதில் வந்தது. சிட் என்று அழைக்கப்படும் அந்தக் கிளையை ஒரு பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன், அங்கும் நடந்தது. மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டிருந்தது. ஒப்பீட்டுக்கு முன் எழுத்தை ஒருமைப்படுத்தும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது. சில வரிகள்தான். திருத்தத்தையும் சேர்த்து அனுப்பினேன். பிறகு ஒரு நாள், இந்தப் பதிப்பில் உங்கள் வழு மூடப்பட்டது என்று தானியங்கிக் கடிதம் வந்தது. அந்தத் திருத்தம் மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் சேர்த்தே பயன்பட்டது, அவற்றிலும் இப்படி இரண்டு துண்டு உயிர்க்குறிகள் உண்டு. அன்று முழுக்க எனக்கு இருந்த சந்தோஷத்தை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் என் கடையில் புராஜெக்ட் அறிக்கைகள் மலைபோல் குவிகின்றன. அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்துக் கொடுக்கிறேன். வருகைப் பதிவு மென்பொருள், நூலக மேலாண்மை மென்பொருள், மறுபடியும் வருகைப் பதிவு. வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அதை யாரும் திறப்பதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றைக் கட்டிக் காட்டினால்தான் மதிப்பெண் என்று நாம்தான் விதித்திருக்கிறோம். ஏற்கெனவே லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்குள் போய், மற்றவர் எழுதிய நிரலைப் படித்து, அதில் ஓர் ஓட்டையை அடைத்து, அதை அந்த மென்பொருளின் பராமரிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் வரை கடிதம் எழுதி வாதாடுவதை எந்தக் கல்லூரியாவது இறுதியாண்டு வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அந்த ஒரு வழுவில் மாணவர் கற்றுக்கொள்வது தங்க எழுத்து அட்டைக்குள் இருப்பதைவிட அதிகம். வேலை கேட்டுப் போகும்போது காட்டவும் பொதுவில் அழியாத பதிவு இருக்கும்.

டெபியன் பழுது பார்ப்பதை எவ்வளவு மதிக்கிறது என்பது அதன் உறைநிலைக் காலத்தில் தெரியும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் புதியவை உள்ளே வருவதைப் படிப்படியாக நிறுத்திவிடுவார்கள். டிரிக்ஸிக்கு 2025 மார்ச் 15-ல் தொடங்கி, ஏப்ரல் 15-ல் இறுகி, மே 15-ல் மேலும் இறுகியது. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, வண்ணம் அடித்து, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவார்கள். டெபியனிலும் அந்த மாதங்களில் அதுதான் நடந்தது. புதுச் சரக்கு எதுவும் வராது, இருக்கும் வழுக்களை மட்டும் தீர்க்க வேண்டும். அதிலும் தீவிர வழுக்கள் தீராத பொதியை வெளியீட்டிலிருந்தே நீக்கிவிடுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. எது அவசரம் என்ற பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது, புதியவர்கள் தொடங்க ஏற்றவை என்று அடையாளமிட்ட வழுக்களும் இருக்கின்றன, உதவி செய்ய வருபவரின் கடிதத்தை எல்லோரும் கூர்ந்து படிக்கிறார்கள்.

நான் திருத்தம் அனுப்பிய அந்தத் தேடல் மென்பொருளுக்குப் பராமரிப்பாளர் என்று யாரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பு பார்த்துக்கொண்டவர் நேரமில்லை என்று முறையாக அறிவித்து விலகியிருந்தார். டெபியனில் அப்படிப்பட்டவற்றை ஆதரவற்ற பொதிகள் என்று தனிப் பட்டியலில் வைத்து, தர மேம்பாட்டுக் குழுவின் பொதுப் பொறுப்பில் விடுவார்கள். யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கிறேன் என்று எழுதலாம். எழுதினேன். தத்தெடுப்பது என்றால் நிரல் எழுதுவது கொஞ்சம், கணக்கு வழக்கு நிறைய. மூல மென்பொருளோடு டெபியன் என்ற பெயரில் ஓர் அடைவு (ஃபோல்டர்) சேரும். இது எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்திருக்கிறது, எப்படிக் கட்ட வேண்டும், ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது, எந்தக் கோப்புக்கு யார் பதிப்புரிமை, என்ன உரிமம், எல்லாம் அதில் பதிவாக வேண்டும். எதுவும் நிறுவாத வெறுமையான சூழலில் கட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் நம் கணினியில் தற்செயலாக இருந்த ஒன்றை நம்பி அது ஓடவில்லை என்பது உறுதியாகும். இதற்கெல்லாம் தரவிறக்கம் அதிகம். கடையில் ஒரு பழைய கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற சேமிப்புப் பாலத்தை வைத்திருக்கிறேன். ஒரு முறை இறங்கிய பொதி அங்கேயே தங்கும், மற்ற மடிக்கணினிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கைபேசி இணையத்தை நம்பி இந்த வேலை செய்பவர்கள் முதலில் இதை நிறுவிக்கொள்ளுங்கள்.

கட்டிய பொதியை நாமே களஞ்சியத்தில் ஏற்ற முடியாது. உறுப்பினர் ஒருவர் வரிக்கு வரி பார்த்துத் தன் கையொப்பத்தில் ஏற்றித் தர வேண்டும். எனக்குக் கிடைத்தவர் பெரிய கண்டிப்புக்காரர். உரிமக் கோப்பில் ஒரு படத்தின் உரிமையாளர் யார் என்பதற்குக்கூட ஆதாரம் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. உலகம் முழுக்கச் சேவையகங்களில் ஓடும் ஒன்றுக்குள் முன்பின் தெரியாதவன் கொடுக்கும் கோப்பு போகிறது, கண்டிப்பு இருக்கத்தான் வேண்டும்.

முன்பின் தெரியாதவன் என்ற நிலை மாற நேரில் சந்திக்க வேண்டும். கையொப்பமிட ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னணுச் சாவி உண்டு. உறுப்பினர்கள் நம் அடையாள அட்டையைப் பார்த்து, நம் சாவியின் கைரேகை எண்ணைச் சரிபார்த்து, இது இன்னாருடைய சாவிதான் என்று தங்கள் சாவியால் கையொப்பமிட வேண்டும். கடல்கோடியில் இருப்பவனுக்கு இதுதான் கடினமான படி. உறுப்பினர்கள் பெங்களூருவிலும் கொச்சியிலும் இருப்பார்கள், கீழக்கரைக்கு எவர் வருவார்? 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில் தமிழ்நாட்டுக்கான மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாடு நடந்தது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் முன்னின்று நடத்தினார்கள். பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டதால், ராமேஸ்வரம் ரயில்கள் எங்கள் பக்கத்திலேயே நின்று திரும்பிக்கொண்டிருந்த நேரம். ராமநாதபுரத்தில் ஏறி விடியலில் விழுப்புரத்தில் இறங்கினேன். சாவி எண்ணை அச்சிட்ட சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பெயரால் மட்டும் அறிந்தவர்கள் கல்லூரி வளாகத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். கேரளத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் என் ஆதாரையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தமிழில் அந்த ஒகரத் திருத்தத்தைப் பற்றிக் கேட்டார். அவர் அதைப் படித்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் உலக அளவிலான டெப்கான்ஃப் கொச்சியில் கூடியது, இந்தியாவில் அதுதான் முதல் முறை.

இப்போது நான் டெபியன் பராமரிப்பாளர். 2007-ல் வாக்கெடுப்பின் மூலம் உருவாக்கப்பட்ட இடைப்படி இது. நமக்கென்று அனுமதிக்கப்பட்ட பொதிகளை மட்டும் நாமே ஏற்றலாம், வாக்கு கிடையாது. வாக்குரிமை பெற அடுத்த படிக்குப் போக வேண்டும். நம்மை அறிந்த உறுப்பினர் பரிந்துரைக்க, விண்ணப்ப மேலாளர் ஒருவர் கொள்கை, நடைமுறை, தொழில்நுட்பம் பற்றிக் கடிதம் கடிதமாகக் கேள்வி கேட்பார். அந்தக் கடிதங்களுக்கு நடுவில்தான் இருக்கிறேன்.

நிரலே எழுதாதவர்களும் முழு உறுப்பினராகலாம். 2010-ல் அதற்கும் வாக்களித்தார்கள். மொழிபெயர்ப்பவர், ஆவணம் எழுதுபவர், நிகழ்ச்சி நடத்துபவர் எல்லோருக்கும் அதே ஒரு வாக்கு. ஏர்வாடியிலிருந்து வந்து கடையில் பழகும் கல்லூரி மாணவி ஒருவர் அந்த வழியில் போகிறார். நிறுவியில் தோன்றும் தமிழ் வாசகங்களைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. சோற்றுக்கு வழி செய்யாத வேலைக்கு இவ்வளவு உழைப்பா என்று என் வாப்பா அவரிடமும் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். டெபியனின் அரசியலமைப்பே, இங்கே எவரும் எந்த வேலையையும் செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் சொல்கிறது. சம்பளம் பெற்று இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சில நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு நேரம் ஒதுக்குகின்றன, பழைய வெளியீடுகளுக்கான நீண்டகால ஆதரவுக்கு 2014 முதல் நிறுவனங்கள் பணம் தருகின்றன. ஆனால் அதை எதிர்பார்த்து நுழைய வேண்டாம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். வீட்டுக்கடன் தலைக்கு மேல் இருப்பவர் முதலில் அதைப் பார்க்கட்டும். வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க முடிந்தவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

தமிழ் நிறுவியில் இப்போது அவசரமாக வேண்டியது சோதனை. தமிழ் எழுத்துகளை வெறும் உரைத்திரை சரியாகக் காட்டாது என்பதால் படங்களும் சுட்டியும் கொண்ட வரைகலை நிறுவியில் மட்டுமே தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும். அதைப் பல வகை இயந்திரங்களில் கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். வட்டைப் பிரிக்கும் பக்கத்தில் நீண்ட தமிழ் வரிகள் வெட்டுப்படுகின்றனவா, கடவுச்சொல் பக்கத்தில் விசைப்பலகை மாறிக்கொள்கிறதா, பிழைச் செய்தி வந்தால் அதைப் படித்து ஒரு பள்ளி ஆசிரியர் அடுத்து என்ன செய்வது என்று புரிந்துகொள்வாரா, இவையெல்லாம் நிறுவிப் பார்த்தால் மட்டுமே தெரியும். டெபியன் 13-லிருந்து பழைய 32-பிட் பிசி கணினிகளுக்கு நிறுவி கிடையாது, ஆகவே 64-பிட் இயந்திரங்கள்தான் வேண்டும். அடுத்த வெளியீட்டுக்கு ஃபோர்க்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதன் சோதனை நிறுவி இப்போதே இறக்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், சாயல்குடி, எங்கே இருந்தாலும் வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தால் ஒரு பென் டிரைவோடு எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கடையில் நாங்கள் இருவரும் இருப்போம். முதல் வழுவை நீங்களே எழுதி அனுப்பிவிட்டுப் போகலாம்.